கார் ஹீட்டரில் ஏன் குளிர்காற்று வருகிறது? – ஒரு நூற்றாண்டுக் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக உட்கார்ந்து படியுங்கள்.

மார்கழி பிறந்துவிட்டால் கனடாவிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சார், கார் ஹீட்டரைப் போட்டால் காற்று நன்றாக வருகிறது. ஆனால் ஜில்லென்று வருகிறது. என்ன கோளாறாக இருக்கும்?" இதைப் போய் ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியரிடம் ஏன் கேட்கிறார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். என் அண்ணன் லாரிப் பட்டறை வைத்திருந்தார். கோடை விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். ஏழாம் வகுப்பில் வெப்பம் பாடம் எடுக்கும்போது ஒரு பழைய ரேடியேட்டரை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு வருவேன். அதை மறக்காதவர்கள்தான் கேட்கிறார்கள்.

தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, இந்த முறை மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரலாற்றின் வழியாகச் சொல்லப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஹீட்டரில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு தொல்லையைத் தீர்க்க வந்து சேர்ந்தது. அந்தப் பாகம் பழுதானால், அந்தப் பழைய தொல்லை அப்படியே திரும்பி வந்து நிற்கும். எந்தத் தொல்லை திரும்பியிருக்கிறது என்று தெரிந்தால் எந்தப் பாகம் பழுது என்று தெரிந்துவிடும்.

முதலில் ஓர் அடிப்படை. வீட்டுக் குளியலறையில் இருக்கும் வாட்டர் ஹீட்டர் தானே சூட்டை உண்டாக்குகிறது. பெட்ரோல், டீசல் கார்களில் உள்ள ஹீட்டர் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மற்றொரு பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஏறி, ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. இப்படி வீணாகப் போகும் வெப்பத்தில் கொஞ்சத்தைக் காருக்குள் திருப்பிவிடுவதுதான் ஹீட்டரின் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு கதைக்குப் போவோம்.

*1. கூரையே இல்லாத காலம்*

1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரங்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது, கண்ணாடியும் கிடையாது. அதற்குப் பின் வந்த இருபது முப்பது ஆண்டுகளில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை திறந்த வண்டிகளே. காற்று நேராக முகத்தில் அடிக்கும் வண்டியில் ஹீட்டர் வைத்து என்ன பயன்? கம்பளி ஓவர்கோட், கையுறை, மடியில் போர்த்திக்கொள்ளும் தடித்த போர்வை, இவைதான் அன்றைய ஹீட்டர்.

காலுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு இருந்தது. குதிரை வண்டியிலும் பனிச்சறுக்கு வண்டியிலும் போனவர்கள் சூடாக்கிய கல்லையோ செங்கல்லையோ துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்வார்கள். கரித்துண்டு கனன்றுகொண்டிருக்கும் தகரப்பெட்டியும் உண்டு. காஷ்மீரில் சட்டைக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரி என்ற கனல்சட்டியைப் பார்த்திருப்பீர்களே, ஏறத்தாழ அதே யோசனை. இங்கிலாந்து ரயில்களில் வெந்நீர் நிரப்பிய தட்டையான தகர டப்பாவைப் பயணிகளின் காலடியில் வைப்பார்கள். மோட்டார் கார் வந்தபோது இந்தப் பழைய சாமான்களே அதிலும் ஏறிக்கொண்டன.

இந்த இடத்தில் இணையத்தில் அடிக்கடி சுற்றும் ஒரு செய்தியைச் சரிபார்த்துவிடலாம். "1893இல் மார்கரெட் வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி கார் ஹீட்டரைக் கண்டுபிடித்தார்" என்று மகளிர் தினம்தோறும் ஒரு படம் வரும். சிகாகோவைச் சேர்ந்த அந்த அம்மையார் அந்த ஆண்டு 'கார் ஹீட்டர்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றது உண்மைதான். ஆனால் அன்றைய அமெரிக்க வழக்கில் 'கார்' என்றால் ரயில் பெட்டி. 1893இல்தான் டூரியே சகோதரர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தங்கள் முதல் மோட்டார் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். சூடாக்கும் அளவுக்கு அந்த நாட்டில் மோட்டார் கார்களே அப்போது இல்லை. பயணிகள் பெட்டிக்கு வெப்பம் தர அவர் செய்த வேலையின் மதிப்பு இதனால் குறையவில்லை. ஒரு சொல்லுக்கு அந்தக் காலத்தில் என்ன பொருள் என்று பார்க்காமல் வரலாறு படிக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்வேனே, அதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

*2. கதவை மூடியதும் வந்த ஆபத்து*

அமெரிக்காவில் 1919இல் தயாரான கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார். 1927இல் பத்தில் எட்டுக்கும் மேல் மூடிய கார்கள். எட்டே ஆண்டுகளில் தலைகீழ் மாற்றம். 1920களின் தொடக்கத்தில் ஹட்சன் நிறுவனம் எசெக்ஸ் என்ற பெயரில் சாதாரணக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும் மூடிய காரைக் கொண்டுவந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கதவை மூடினால் சூடு உள்ளே நிற்கும். அப்போதுதான் ஹீட்டருக்கு அர்த்தமே வந்தது.

சூட்டுக்கு எங்கே போவது? எஞ்சினில் மிக விரைவாகக் கொதிக்கும் இடம் புகை வெளியேறும் குழாய். அதன்மேல் ஒரு தகர உறையைப் போட்டார்கள். முன்னால் சுற்றும் விசிறிக் காற்று உறைக்குள் புகுந்து, குழாயின் சூட்டை வாங்கிக்கொண்டு, தரையில் உள்ள ஓட்டை வழியாகக் காருக்குள் வரும். ஃபோர்டு மாடல் டி காருக்கு இப்படிப்பட்ட ஹீட்டர்கள் கடைகளில் தனியாக விற்றன. எளிமையானது, விலை மலிவு, வண்டியைக் கிளப்பிய சில நிமிடங்களில் சூடு வந்துவிடும்.

ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் புகைக்கும் நடுவே ஓர் இரும்புச் சுவர்தான் இருக்கிறது. அந்த இரும்பு விரிசல் விட்டாலோ இணைப்பில் கேஸ்கெட் எரிந்துபோனாலோ புகை நேராக உள்ளே வரும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் ஆர்வமாக அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தூக்கம், பிறகு மயக்கம். ஓட்டுபவருக்குத் தூக்கம் வருவதாகத்தான் தெரியும். குளிரில் மூடிய காருக்குள் நடப்பதால் வெளியே இருப்பவர்களுக்கும் தெரியாது.

ஆக, முதல் தலைமுறை ஹீட்டரின் தொல்லை குளிர்காற்று வருவதில்லை, விஷக்காற்று வருவதுதான். சூடு வேண்டும், ஆனால் அது புகையைத் தொடாத வழியில் வர வேண்டும். அந்த வழி தண்ணீர்.

*3. தண்ணீர் சுமந்து வந்த சூடு*

எஞ்சினைச் சுற்றி ஓடும் வெந்நீரில் கொஞ்சத்தை ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காருக்குள் இழுத்துவந்து, ஒரு குட்டி ரேடியேட்டரில் சுற்றவிட்டு, பின்னால் ஒரு சின்ன மின்விசிறியை வைத்தால் போதும். இன்னொரு குழாய் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்கே திரும்பிவிடும். குழாய் ஒழுகினால் கால் நனையுமே தவிர உயிர் போகாது. 1920களின் கடைசியில் இத்தகைய வெந்நீர் ஹீட்டர்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. 1930களில் பரவலாயின. இன்று பெட்ரோல், டீசல் கார்களில் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருப்பது அதே குட்டி ரேடியேட்டர்தான். ஹீட்டர் கோர் என்பார்கள்.

யோசனை எளிது. நடைமுறையில் மூன்று தடைகள் இருந்தன.

முதல் தடை, தண்ணீரை யார் தள்ளுவது? மாடல் டி காரில் தொடக்கத்தில் வந்த சில வண்டிகளைத் தவிர மற்றவற்றில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். இந்த வெப்பச்சலனத்தை நம்பியே 1908 முதல் 1927 வரை கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடின. பாடத்தில் மரத்தூள் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டினேனே, அதேதான். ஆனால் அந்த மெல்லிய ஓட்டத்துக்கு நீளமான ரப்பர் குழாயைச் சுற்றிவர வலு போதாது. அடுத்து வந்த மாடல் ஏ காரில் வாட்டர் பம்ப் இருந்தது. பம்ப் பரவலான பிறகே வெந்நீர் ஹீட்டரும் பரவியது. இன்றும் பம்பின் இறக்கை தேய்ந்தால் ஓட்டம் மெலிந்து, அந்தப் பழைய நிலை திரும்பும். வண்டி ஓடும்போது சூடு வரும், சிக்னலில் நின்றால் குளிர்காற்று வரும்.

இரண்டாவது தடை, தண்ணீர் உறைவது. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. இரும்பு எஞ்சினையே பிளந்துவிடும். அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் இரவில் ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலையில் வெந்நீர் ஊற்றினார்கள். சிலர் ஆல்கஹால் கலந்தார்கள். அது எஞ்சின் சூட்டில் மெல்ல மெல்ல ஆவியாகிப் போய்விடும். 1927இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைகால் விற்பனைக்கு வந்தது. இது எளிதில் ஆவியாகாது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தால்தான் உறையும். இன்று கூலண்ட் என்று வாங்கி ஊற்றுகிறோமே, அதன் அடிப்படை இதுதான். துருப்பிடிக்காமல் இருக்கவும் அதில் மருந்து சேர்த்திருப்பார்கள். காசை மிச்சம் பிடிக்க வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும், ஒத்துவராத இரண்டு வகைக் கூலண்டைக் கலந்தாலும், துருவும் சேறும் கிளம்பி ஹீட்டர் கோரின் நுண்குழாய்களை அடைத்துவிடும். ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் போடும் பவுடரும் சில நேரம் இதே வேலையைச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். குழந்தைகள், நாய், பூனை நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடை கொஞ்சம் வேடிக்கையானது. வெளியே பனி கொட்டும்போது ரேடியேட்டர் தன் வேலையை அளவுக்கு மீறி நன்றாகச் செய்யும். எஞ்சினே சூடேறாது. எஞ்சின் சூடாகாவிட்டால் ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வரும்? அந்தக் கால ஓட்டுநர்கள் ரேடியேட்டர் முன்னால் அட்டையையோ கம்பளியையோ கட்டி ஓட்டினார்கள். இதற்குத் தீர்வாக வந்தது தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வாயிற்காப்போன். 1914இல் வந்த கேடிலாக் வி-8 காரிலேயே இது இருந்தது. முதலில் வந்தவற்றில் எளிதில் ஆவியாகும் திரவம் நிரப்பிய துருத்தி இருந்தது. பின்னாளில் தண்ணீரை அழுத்தத்தில் ஓடவிட்டபோது அந்த அழுத்தமே துருத்தியைக் குழப்பியது. 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் என்ற அமெரிக்கர் மெழுகில் இயங்கும் தெர்மோஸ்டாட்டை உருவாக்கினார். குறிப்பிட்ட வெப்பத்தில் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளும். ஆறினால் ஸ்பிரிங் கதவை மூடும். மின்சாரமும் வேண்டாம், மூளையும் வேண்டாம். பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும் அந்த மெழுகுக் கதவு இன்றும் நம் கார்களில் இருக்கிறது.

அந்தக் கதவு திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அட்டை கட்டி ஓட்டிய காலம் திரும்பிவிடும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது டெம்பரேச்சர் முள் கீழே இறங்கி ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். நெரிசலில் ஊர்ந்தால் கொஞ்சம் சூடு வரும். கம்ப்யூட்டரில் பி 0128 என்ற குறியீடு வந்தால் எஞ்சின் உரிய சூட்டை எட்டவில்லை என்று பொருள்; முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கதவைத்தான்.

*4. முள் மேலே, காற்று ஜில்*

இந்த இடத்தில்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

ஹீட்டர் குளிர்காற்று விடுவதை நம் பிள்ளைகள் ஒரு சௌகரியக் குறைவாகத்தான் நினைக்கிறார்கள். "இரண்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன் சார், சம்பளம் வந்ததும் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். தெர்மோஸ்டாட் பழுதென்றால் அப்படிச் சில நாள் ஓட்டலாம். ஆனால் கூலண்ட் குறைந்திருந்தால் கதை வேறு. பல கார்களில் ஹீட்டர் கோர் எஞ்சினின் தண்ணீர் மட்டத்துக்கு மேலாகவோ சமமாகவோ இருக்கும். கூலண்ட் குறையும்போது முதலில் காற்றடைப்பது அங்கேதான். அதாவது, எஞ்சின் வறளப்போகிறது என்ற செய்தியை ஹீட்டர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

என் அக்கா மகன் மிச்சிகனில் இருக்கிறான். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு இதே கேள்வியோடு போன் செய்தான். ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறான். டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி ஹீட்டர் கோரை மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தினமும் அறுபது மைல் ஓட்டிக்கொண்டிருந்தான். "டேய், முள் எங்கே நிற்கிறது?" என்று கேட்டேன். "வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிறது மாமா. டேஷ்போர்டுக்குள் களகளவென்று தண்ணீர்ச் சத்தமும் கேட்கிறது" என்றான். வண்டியை அங்கேயே நிறுத்து, ஆறியபின் தொட்டியைப் பார் என்றேன். தொட்டி காலி. வேறொரு மெக்கானிக் வந்து பார்த்ததில் வாட்டர் பம்பில் ஒழுகல். பம்பை மாற்றி, கூலண்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றியதும் ஹீட்டர் அனலாக அடித்தது. ஹீட்டர் கோரை யாரும் தொடவே இல்லை. இன்னும் சில நாள் அப்படியே ஓட்டியிருந்தால் எஞ்சின் ஹெட் வளைந்து, காரின் விலையில் பாதி போயிருக்கும் என்றாராம் அந்த மெக்கானிக்.

முள்ளை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். தண்ணீர் மிகவும் குறைந்து சென்சார் காற்றில் நின்றால் முள் தவறாகவும் காட்டும். கூலண்ட் மட்டத்தைக் கண்ணால் பார்ப்பதே உறுதி. எஞ்சின் முழுதும் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது, அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்க் கொதித்து முகத்தில் பீறிடும். பிரஷர் குக்கர் பாடம் நினைவிருக்கிறதல்லவா?

*5. வெளிக்காற்றும் கலப்புக் கதவும்*

1930களின் ஹீட்டர்கள் காருக்குள் இருந்த காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கின. மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து மங்கிவிடும். 1938இல் நாஷ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டி, வெந்நீர்க் கோர் வழியாகச் செலுத்தி உள்ளே விடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு தானாகச் சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதியும் சேர்ந்து 'வெதர் ஐ' என்று பெயர் பெற்றது. அதற்குச் சற்று முன்புதான் நாஷ், குளிர்பதனப் பெட்டி செய்யும் கெல்வினேட்டர் நிறுவனத்தோடு இணைந்திருந்தது. குளிரை விற்றவர்கள் சூட்டையும் ஒழுங்குபடுத்தினார்கள்! இன்றைய கார் ஹீட்டரின் அமைப்பு ஏறத்தாழ அங்கேயே உருவாகிவிட்டது.

சூட்டைக் கூட்டிக் குறைக்கப் பழைய கார்களில் வெந்நீர்க் குழாயில் ஒரு வால்வு இருந்தது. பின்னர் ஏசியும் ஹீட்டரும் ஒரே பெட்டிக்குள் வந்தபோது வேறு வழி பரவியது. வெந்நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காற்று கோர் வழியாகப் போக வேண்டுமா, அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமா என்பதை ஒரு தட்டுக்கதவு முடிவு செய்யும். 1964இல் கேடிலாக், வேண்டிய வெப்பநிலையைச் சொல்லிவிட்டால் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தந்தது. இன்று அந்தக் கதவைத் திருப்புவது பிளாஸ்டிக் பல்சக்கரம் கொண்ட ஒரு குட்டி மோட்டார். பல் உடைந்தால் டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். கதவு குளிர்ப் பக்கமே நின்றுவிடும். சில நேரம் ஓட்டுநர் பக்கம் சூடும் அடுத்த பக்கம் குளிருமாக வரும். எஞ்சினுக்கு இதனால் ஆபத்து இல்லை.

*6. தண்ணீரே இல்லாத வண்டிகள்*

உலகமெங்கும் ஓடிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் தண்ணீர் கிடையாது. எஞ்சினைக் காற்றே குளிர்வித்தது. அதனால் ஹீட்டருக்கும் எஞ்சின் காற்றுதான். தொடக்கத்தில் சிலிண்டர்களைத் தடவிய காற்று எண்ணெய் வாடையோடு உள்ளே வரும். 1963ஆம் ஆண்டு மாடலிலிருந்து புகைக்குழாயைச் சுற்றிய வெப்பமாற்றி வழியே தூய காற்றை அனுப்பினார்கள். பின்னால் இருக்கும் எஞ்சினிலிருந்து கதவுக்குக் கீழேயுள்ள குழல் வழியாகத்தான் சூடு முன்னால் வர வேண்டும். அந்தக் குழல் துருப்பிடித்து ஓட்டையானால் சூடு வழியிலேயே போய்விடும். வெப்பமாற்றி துருப்பிடித்தால் 1920களின் விஷக்காற்று ஆபத்து திரும்பிவிடும். பழைய பீட்டில் மேல் ஆசை வைத்திருக்கும் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை நம்பாமல் தானே பெட்ரோலை எரிக்கும் ஹீட்டர்களும் வந்தன. அமெரிக்காவின் ஸ்டூவர்ட்-வார்னர் நிறுவனத்தின் 'சவுத் விண்ட்' அப்படிப் பெயர்பெற்றது. எஞ்சின் சூடேறக் காத்திருக்க வேண்டாம். ஆனால் காருக்கு வெந்நீர் முறையே போதும் என்று காலம் தீர்மானித்தது. கடுங்குளிர் நாடுகளின் லாரிகளில் இன்றும் எரிபொருள் ஹீட்டர் உண்டு. இரவில் எஞ்சினை ஓடவிடாமல் ஓட்டுநர் தூங்குவதற்கு.

*7. சொகுசு சட்டமானது*

நெடுங்காலம் ஹீட்டர் என்பது கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் சாமான். 1968இல் அமெரிக்கா நடைமுறைப்படுத்திய வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103ஆம் விதி, முன்கண்ணாடியின் பனியையும் மங்கலையும் நீக்கும் வசதி காரில் இருக்க வேண்டும் என்றது. சூடு உடம்புக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. ஹீட்டர் வேலை செய்யாத காரைப் பனியில் ஓட்டுவது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

இப்போது மின்சாரக் காரில் கதை புதிதாகத் தொடங்குகிறது. அதில் வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. கடன் கேட்க எஞ்சினே இல்லை! முதலில் மின்சாரத்தையே நேராகச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள். பேட்டரி விரைவில் கரைந்து, ஓடும் தூரம் குறைந்தது. 2012 அளவில் ரெனோ ஸோயி, பிறகு நிசான் லீஃப் போன்ற கார்களில் வெப்பப் பம்ப் வந்தது. ஏசியைத் திருப்பிப் போட்டது போல, வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் உறிஞ்சி உள்ளே தள்ளும். மின்சாரக் காரில் குளிர்காற்று வந்தால் கீழே நான் சொல்லும் குழாய்ச் சோதனைகள் பொருந்தாது. உயர் மின்னழுத்தம் இருக்கும், கை வைக்காமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

*8. வரலாற்றிலிருந்து வீட்டுப்பாடம்*

பெட்ரோல், டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு, படிப்படியாக:

ஒன்று: வண்டியைக் கிளப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டியபின் பாருங்கள். குளிரில் அதற்குமுன் சூடு வராதது இயல்பு.

இரண்டு: எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்புவது பாதி வேலைதான். எங்கே போனது என்று கண்டுபிடிப்பது மீதி வேலை. கூலண்ட் தானாகக் கரைவதில்லை.

மூன்று: டெம்பரேச்சர் முள். எழும்பாமல் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட். வழக்கத்தைவிட மேலே போய், காற்றும் குளிராக இருந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

நான்கு: எல்லாம் சரியாக இருந்தால், எஞ்சின் சூடானபின் அதை நிறுத்திவிட்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தடித்த கையுறையோடு தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடு என்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. கலப்புக் கதவைப் பாருங்கள். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் கோர் அடைத்திருக்கிறது அல்லது வால்வு மூடியிருக்கிறது. இரண்டும் குளிர் என்றால் தண்ணீரே வரவில்லை. காற்றடைப்பு அல்லது பம்ப்.

ஐந்து: காருக்குள் இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான மங்கல், காலடி விரிப்பில் ஈரம், இவை இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

ஆறு: குளிரென்று மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். பனியில் வண்டி சிக்கிக்கொண்டால் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்து, அதை விலக்கிய பிறகே எஞ்சினை ஓட்டுங்கள். வழியில் நின்றுபோனால் உதவும் என்று காரில் ஒரு கம்பளி வைத்திருங்கள். நூறாண்டுக்கு முந்தைய ஹீட்டர் அது, பழுதே ஆகாது.

நம் ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ மலையேறும்போது முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்குங்கள். ஹீட்டர் கோர் இரண்டாவது ரேடியேட்டராக நின்று எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். அப்போதும் ஹீட்டரில் குளிர்காற்றே வந்தால் தண்ணீர் இல்லை என்று பொருள். ஓர் அடி கூட ஓட்டாமல் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். கூலண்ட் எவ்வளவு இருந்தது, முள் எங்கே நின்றது, குழாய்களில் எது சூடு, ஓடும்போது எப்படி, நிற்கும்போது எப்படி என்று நான்கு வரி எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். மற்றவர்களுக்கு, நீங்கள் விவரம் தெரிந்த ஆள் என்று புரியும்.

குளிர்நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள். இன்று போய்க் கூலண்ட் மட்டத்தைப் பார்த்தவர்கள் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறேன்.

எல்லாரும் பத்திரமாக ஓட்டுங்கள். வாழ்த்துகள்.